கை மாற்ற ஆளில்லாத வீட்டில் கைக்குழந்தை: வெளிநாட்டில் முதல் ஆண்டுக்கான நடைமுறைக் குறிப்புகள்

வெளிநாட்டில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பெரியவர்கள்தான். ஒருவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மீதி ஒருவர். குளிக்கப் போகும்போதும், அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போதும், வாசலில் மணி அடிக்கும்போதும் "கொஞ்சம் பிடி" என்று நீட்ட ஆள் கிடையாது. வீட்டையும் நாளையும் இந்த ஒரு நிலைமையை மனதில் வைத்து அமைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். மீதிப் பாதி, நாட்டுக்கு நாடு மாறும் அளவுகளால் வருவது: பால்பவுடர் கரண்டி, மருந்தின் அடர்த்தி, மின்சாரம், தேதி எழுதும் முறை. அவற்றைத்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறோம், ஏனென்றால் ஊரில் இருக்கும் அனுபவசாலிகள் சொல்லித்தர முடியாதவை அவைதான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, உடல்நலச் சிக்கல் உள்ள குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்லும் அளவுகளே முதலில்; இங்குள்ளவை அதற்குப் பிறகு.

ஒரு கையால் ஓடும் வீடு

நாலு கிலோ எடையுள்ள ஒரு பையை இடது தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றுங்கள். டயபர் எடுங்கள், பாட்டில் மூடியைத் திறங்கள், வாசற்கதவைத் திறந்து மூடுங்கள், நீங்கள் தண்ணீர் குடியுங்கள். எங்கெல்லாம் இரண்டு கை தேவைப்படுகிறதோ, எதற்கெல்லாம் அறையைவிட்டுப் போக வேண்டியிருக்கிறதோ, அதையெல்லாம் இடம் மாற்றுங்கள். பிரசவத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. பிறந்த பிறகு யாருக்கும் இதற்குத் தெம்பு இருக்காது.

டயபர் மாற்ற இரண்டு இடங்கள் வேண்டும்: படுக்கையறையில் ஒன்று, பகலில் அதிக நேரம் இருக்கும் அறையில் ஒன்று. இரண்டும் தரையிலேயே இருக்கட்டும். மேசை முதுகுக்கு வசதிதான். ஆனால் மேசையில் கிடக்கும் குழந்தையின் மேல் ஒரு கை எந்நேரமும் இருந்தாக வேண்டும். தனியாக இருப்பவரால் அதை ஒவ்வொரு முறையும் காப்பாற்ற முடியாது. நேற்றுவரை புரளாத குழந்தை இன்று புரளும். தரையில் விரித்த பாயிலிருந்து விழ இடமில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கூடை: ஆறு டயபர், துடைக்கும் வைப்ஸ், புண்ணுக்கான க்ரீம், ஒரு செட் மாற்றுத்துணி, அழுக்கைப் போட ஒரு பை. கூடையை நிரப்புவது இரவு படுக்குமுன் செய்யும் வேலை. காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் இரவு மூன்று மணிக்குக் கூடை காலியாக இருக்கும்.

ஆரம்ப வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து டயபர், அதாவது வாரத்துக்கு எழுபது வரை. சிறிய அளவை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம், குழந்தை வேகமாக அதைத் தாண்டிவிடும். பாக்கெட்டில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கிலோ எடையை மட்டும் பாருங்கள். தொடையில் சிவப்புத் தடம் விழுந்தாலோ முதுகுப் பக்கம் கசிந்தாலோ அடுத்த அளவுக்குப் போகலாம். தொடைப் பக்கம் கசிந்தால் முதலில் அங்குள்ள சுருக்கு ஓரம் உள்ளே மடங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

குழந்தையைப் பயமின்றிக் கிடத்த ஒவ்வொரு அறையிலும் ஓரிடம் வேண்டும். குளியலறையில்கூட. சாய்வு இருக்கையை பெல்ட் போட்டு குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, திரையைத் திறந்துவைத்துக் குளிக்கலாம். அந்த இருக்கையைச் சமையல் மேடையிலோ மேசையிலோ வைக்கவே கூடாது, குழந்தை உதைக்க உதைக்க அது நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும். அதிலேயே தூங்கிவிட்டால் எடுத்துத் தட்டையான தொட்டிலில் மல்லாக்கக் கிடத்துங்கள். சாய்ந்த நிலையில் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் அழுந்தி, மூச்சுக்குழாய் மடங்கும். குழந்தையால் தலையைத் தானாக நிமிர்த்த முடியாது.

குழந்தையை உடலோடு கட்டிக்கொள்ளும் துணியோ பையோ தனியாக இருப்பவருக்குப் பெரிய துணை. கட்டியதும் ஐந்தைச் சரிபாருங்கள்: இறுக்கமாக இருக்கிறதா, முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா, குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்கிறதா, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருக்கிறதா, முதுகு தாங்கப்பட்டிருக்கிறதா. அப்படிக் கட்டிக்கொண்டு அடுப்பருகே நிற்க வேண்டாம்; சூடான பானம் குடிக்கவும் வேண்டாம்.

பால்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை தாய்ப்பால் குடிக்கும். போதுமா என்று தெரிந்துகொள்ள டயபரைப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் குறைந்தது ஆறு டயபராவது நன்றாக நனைந்திருக்க வேண்டும். பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை முதல் சில நாளில் குறைவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றாலோ, நனையும் டயபர் குறைந்தாலோ மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைச் சேமிக்கும் கணக்கு இது. 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 4 நாள். ஃப்ரீசரில் 6 மாதம் வரை தரம் நன்றாக இருக்கும். ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம். உறைந்த பால் ஃப்ரிட்ஜில் முழுக்க இளகிய பிறகு 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த பாட்டிலில் மீந்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும்.

பையில் 60 முதல் 120 மில்லி மட்டும் ஊற்றித் தேதி எழுதுங்கள். 200 மில்லி ஊற்றினால் இளக நேரமாகும், மீந்தது வீணாகும். பையை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள், கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே வெப்பம் ஏறும். சூடாக்க வெந்நீர்க் கிண்ணம் போதும். மைக்ரோவேவ் வேண்டாம்: பால் ஒரே சீராகச் சூடேறாது, கையில் ஊற்றிப் பார்க்கும் துளி மிதமாக இருக்க, உள்ளே ஒரு பகுதி வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். இளக்கிய பாலில் சோப்பு வாடை வந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள். கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்ற நொதி பாலிலேயே இருக்கிறது. சிலருக்கு அதன் வேலை வேகமாக நடக்கும். அந்தப் பால் கெடுதல் செய்யாது. குழந்தை மறுத்தால் மட்டும், புதிதாகப் பீய்ச்சியவுடன் ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, உடனே குளிரவைத்து உறையவையுங்கள்.

இனி பால்பவுடர். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு நாட்டில் விற்கும் டின்னில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர் என்றிருக்கும். இன்னொரு நாட்டு டின்னில் ஒரு கரண்டிக்கு 60 மில்லி. பிரிட்டனில் முந்தையது வழக்கம், அமெரிக்காவில் பிந்தையது. பழைய டின்னின் கரண்டியைப் புதிய டின்னில் போட்டாலோ, பழக்கத்தில் பழைய கணக்கைச் சொன்னாலோ பால் இரண்டு மடங்கு நீர்த்துப்போகும் அல்லது இரண்டு மடங்கு கெட்டியாகும். நீர்த்த பால் தொடர்ந்து உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். கெட்டியான பால் நீரிழப்பையும் மலச்சிக்கலையும் தரும். எனவே டின் தீர்ந்ததும் அதன் கரண்டியையும் சேர்த்தே குப்பையில் போடுங்கள். புதிய டின்னின் மூடியில் கனத்த பேனாவால் "1 கரண்டி = இத்தனை மில்லி" என்று எழுதிவிடுங்கள். பாட்டிலில் அவுன்ஸ் மட்டும் அச்சிட்டிருந்தால் ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 30 மில்லி.

பால்பவுடர் கிருமியற்ற பொருள் அல்ல. டின்னைத் திறக்கும் முன்பே குரோனோபேக்டர் போன்ற கிருமி அதில் இருக்கக்கூடும். 2007இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்வது அதனால்தான். பவுடரில் உள்ள கிருமியை அந்தச் சூடு கொல்கிறது. கலக்கும் வரிசை:

1. கையைக் கழுவி, கிருமி நீக்கிய பாட்டிலை எடுத்து வையுங்கள்.
2. குளிர்நீர்க் குழாயிலிருந்து பிடித்த புதுத்தண்ணீர் ஒரு லிட்டரைக் கெட்டிலில் கொதிக்கவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் எடுங்கள். ஒரு லிட்டருக்குக் குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடும்.
3. முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். பவுடரை முதலில் போட்டால் தண்ணீரின் அளவு குறைந்துவிடும்.
4. கரண்டியைத் தலைதட்டி எடுங்கள். அழுத்தி நிரப்ப வேண்டாம்.
5. மூடி, சுழற்றிக் கலக்கி, குளிர்நீர்க் குழாயடியில் பாட்டிலைக் காட்டி ஆறவையுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டால் சூடு தெரியக் கூடாது.

கலந்த பால் அறையில் இரண்டு மணி நேரம் தாங்கும். குழந்தை குடிக்கத் தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரம்தான், அதற்கு மேல் கொட்டிவிடுங்கள். குழந்தையின் உமிழ்நீர் பாட்டிலுக்குள் போய்விட்டது என்பதுதான் காரணம். வெந்நீர்க் குழாயின் தண்ணீரை ஊற்ற வேண்டாம், தொட்டியிலும் பழைய குழாயிலும் சூட்டோடு தங்கிய நீரில் ஈயம் போன்ற உலோகங்கள் அதிகம் கரைந்திருக்கும். உப்புநீரை மென்மையாக்கும் கருவி வைத்த வீட்டில், அந்தக் கருவி வழியாக வரும் தண்ணீரும் வேண்டாம். அதில் சோடியம் கூடுதல். பாட்டில் நீர் மட்டும்தான் கிடைக்கும் என்றால் லேபிளில் சோடியம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் குறைவாகவும், சல்பேட் 250ஐத் தாண்டாமலும் இருப்பதைத் தேர்ந்து, அதையும் கொதிக்கவைத்தே கலக்குங்கள்.

எவ்வளவு கொடுப்பது? முதல் சில நாள்கள் போன பிறகு, ஆறு மாதம் வரை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 மில்லி. ஐந்து கிலோ குழந்தைக்கு 750 முதல் 1000 மில்லி, அதை ஆறேழு வேளையாகப் பிரித்து. இது மொத்தக் கணக்கு மட்டுமே. தலையைத் திருப்பிக்கொண்டால், உறிஞ்சுவது நின்றால் அந்த வேளை முடிந்தது. மீதியைத் திணிக்க வேண்டாம்.

இரவுக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். தூங்குமுன் நல்ல ஃபிளாஸ்கில் கொதித்த தண்ணீரை நிரப்பி மூடுங்கள். வேளைக்கு வேண்டிய பவுடரை அளந்து உலர்ந்த சிறு டப்பாக்களில் போட்டு வையுங்கள். கிருமி நீக்கிய பாட்டில்களை மூடியோடு பக்கத்தில் அடுக்குங்கள். நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் கரண்டி எண்ணினால் எண்ணிக்கை தவறும். ஃபிளாஸ்க் விடியும்வரை 70 டிகிரி தாங்குகிறதா என்று ஒருமுறை வெப்பமானி வைத்துப் பார்த்துவிடுங்கள். பால்பவுடர் குடிக்கும் குழந்தையோடு விமானத்தில் போகும் நாளில், கலந்தே வரும் திரவ ஃபார்முலா வாங்கிக்கொள்வது மேல்: அது கிருமியற்றது, அளக்க வேண்டியதும் இல்லை.

பாட்டில் கருவிகளும் மின்சாரமும்

ஊரிலிருந்து ஸ்டெரிலைசர், பாட்டில் வார்மர், பம்ப் எல்லாம் கட்டிக்கொண்டு வருவோர் உண்டு. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் முனை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். பெரும்பாலான பம்ப்களின் சார்ஜர் அப்படிப்பட்டது. சூடாக்கும் கருவிகள் பெரும்பாலும் ஒரே வோல்ட்டுக்குச் செய்தவை. 230 வோல்ட் ஸ்டெரிலைசரை 120 வோல்ட் நாட்டில் செருகினால் விளக்கு எரியும், ஆனால் சக்தி கால்பங்குதான் கிடைக்கும். தண்ணீர் ஆவியாகாது, பாட்டிலில் கிருமி சாகாது, பார்த்தால் வேலை செய்வதுபோலவே தெரியும். எதிர்த்திசையில், 120 வோல்ட் கருவியை 230இல் செருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தி பாய்ந்து எரிந்துபோகும். சூடாக்கும் கருவிக்கு மின்மாற்றி வாங்கிச் சமாளிப்பதைவிட, போன இடத்திலேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.

கருவியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கழுவிய பாட்டிலையும் நிப்பிளையும் மூடிய பாத்திரத்தில் நீருக்குள் முழுக அமிழ்த்திப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். பாட்டிலில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் அது உப்புநீரின் சுண்ணாம்பு, அழுக்கு அல்ல. வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி அரைமணி ஊறவைத்துக் கழுவுங்கள். கெட்டிலுக்கும் இதே வைத்தியம்.

இரவைப் பங்கு போடுதல்

இரண்டு பேரும் இரவு முழுக்க விழித்தால் மறுநாள் வீட்டில் தெளிவான தலை ஒன்றுகூட இருக்காது. ஒன்பது முதல் இரண்டு ஒருவர், இரண்டு முதல் ஏழு மற்றவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தன் முறை இல்லாதவர் வேறு அறையில், கதவை மூடித் தூங்க வேண்டும். ஐந்து மணி நேரம் உடையாத தூக்கம் கிடைப்பதுதான் இதன் பயன்; ஒரே அறையில் படுத்தால் அது கிடைக்காது. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வீட்டில் முதல் சில வாரம் பாட்டிலைத் தவிர்ப்பது நல்லது. அப்போது அம்மா பால் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, டயபரும் ஏப்பமும் உறங்கவைப்பதும் மற்றவர் பொறுப்பு என்று வையுங்கள். பால் சுரப்பு நிலைத்த பிறகு, ஒரு வேளையைப் பீய்ச்சிய பாலால் ஈடுகட்டலாம்.

குழந்தை படுக்குமிடம்: கெட்டியான, தட்டையான மெத்தை, இறுக்கமான விரிப்பு, வேறெதுவும் வேண்டாம். தலையணை, தடுப்பு மெத்தை, பொம்மை, கம்பளி எல்லாம் வெளியே. எப்போதும் மல்லாக்க. குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் ஒருவர் இருக்கும் அதே அறையில். சோஃபாவில் பால் கொடுத்தபடி கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது. குழந்தை மெத்தை இடுக்கில் சிக்கி மூச்சுத் திணறும். தூக்கம் அமுக்குகிறது என்று தோன்றினால் சோஃபாவைவிட, தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டில் ஆபத்துக் குறைந்தது. விழித்ததும் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

குளிர் நாட்டில் முதலில் வரும் தவறு, குழந்தைக்கு அளவுக்கு மீறிப் போர்த்துவது. தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதுமானது. போர்வைக்குப் பதிலாக உறக்கப்பை. அதன் லேபிளில் டாக் (TOG) என்ற எண் இருக்கும், பை எவ்வளவு கதகதப்பானது என்பதன் அளவு அது: 16–20 டிகிரிக்கு 2.5, அதற்கு மேல் 24 டிகிரி வரை 1.0, அதையும் தாண்டினால் 0.5. கையும் காலும் சில்லென்று இருப்பது இயல்பு, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம், குழந்தை அதிகச் சூட்டை வெளியேற்றுவது தலை வழியாகத்தான். தொட்டில் ஹீட்டரிலிருந்தும் திரைச்சீலைக் கயிற்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். எரிவாயுவிலோ விறகிலோ ஓடும் சூடேற்றி உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு வாடை கிடையாது.

குளியல்

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குளிப்பாட்டினால் பிறந்த குழந்தைக்குப் போதும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று உலர்ந்திருக்கும். தினக் குளியலும் சோப்பும் சேர்ந்து தோலை வெடிக்கவைக்கும். மற்ற நாள்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், டயபர் பகுதியை ஈரத்துணியால் துடையுங்கள்.

முதலில் துண்டு, டயபர், உடுப்பு எல்லாம் கையெட்டும் தூரத்தில். தொட்டியில் முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர். சூடு 37, 38 டிகிரி. முழங்கையை வைத்தால் சூடாகவும் படக் கூடாது, சில்லென்றும் படக் கூடாது. ஆழம் ஒரு சாண்கூட வேண்டாம், 8 சென்டிமீட்டர் போதும். ஐந்து நிமிடத்தில் முடித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத க்ரீம் தடவுங்கள். நடுவில் போனோ வாசல் மணியோ அடித்தால் அடிக்கட்டும். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டு வெந்நீர்த் தொட்டியின் வெப்பத்தை 49 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் குழாய்ச் சூட்டில் வெந்துபோகும் அபாயம் குறையும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

மருந்து: எண்ணைப் படிக்காமல் ஒரு துளியும் வேண்டாம்

பாராசிட்டமால்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென். பெயர் தெரியாமல் இரண்டையும் வெவ்வேறு மருந்தென்று எண்ணிக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிக் கல்லீரல் கெடும். பெயரைவிடப் பெரிய சிக்கல் அடர்த்தி. சில நாட்டுச் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும். பிரிட்டனின் குழந்தை சிரப்பில் 5 மில்லியில் 120 மி.கி.; அமெரிக்காவில் 5 மில்லியில் 160 மி.கி. ஒருவேளைக்கான அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஆறு கிலோ குழந்தைக்கு 60 முதல் 90 மி.கி. இதைப் பிரிட்டன் சிரப்பில் எடுத்தால் 2.5 முதல் 3.75 மில்லி. அந்த "2.5 மில்லி" மட்டும் மனதில் நின்று, ஊரிலிருந்து வந்த சொட்டு மருந்தில் 2.5 மில்லி கொடுத்தால் 250 மி.கி. உள்ளே போய்விடும். உச்ச அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வீட்டில் ஒரே அடர்த்தியுள்ள ஒரே புட்டியை மட்டும் வையுங்கள். அதனுடன் வந்த சிரிஞ்சில் மட்டும் அளங்கள். எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரோ மருந்தாளுநரோ சொன்னதை மில்லிகிராமிலும் மில்லியிலும் சேர்த்து எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் இல்லை. ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியாமல் மீண்டும் கொடுப்பது இரண்டு பேர் வீட்டில் எளிதாக நடக்கும், அதனால் கொடுத்த நேரத்தை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட், வந்துவிட்டால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நேரம் எதுவானாலும் உடனே மருத்துவ உதவி. அந்த வயதில் காய்ச்சல் மட்டுமே பெரிய தொற்றின் ஒரே அடையாளமாக இருக்கலாம். மருந்து அதை மறைத்துவிடும்.

வைட்டமின் டி பலர் விட்டுவிடும் ஒன்று. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட், அதாவது 10 மைக்ரோகிராம். வெயில் குறைந்த நாட்டில், கருமையான தோலுள்ள குழந்தைக்கு இது இன்னும் அவசியம். தோலின் நிறமி வெயிலைத் தடுப்பதால் உடல் தானாகச் செய்துகொள்ளும் அளவு குறைவு. இங்கும் அதே எச்சரிக்கை: சில புட்டியில் ஒரு சொட்டிலேயே 400 யூனிட், சிலவற்றில் ஒரு முழு மில்லியில்தான் 400. முதல் வகையை இரண்டாம் வகைபோல் மில்லிக் கணக்கில் கொடுத்தால் பல மடங்கு போய்விடும்.

ஒரு வயது வரை தேன் எந்த வடிவிலும் வேண்டாம், பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். ஆறு மாதம் வரை தனித் தண்ணீரும் வேண்டாம்.

தடுப்பூசி அட்டையும் தாள்களும்

நாட்டுக்கு நாடு அட்டவணை மாறும். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி சில நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் உண்டு, சில நாட்டில் இல்லை. பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கட்டி எழும்பிப் புண்ணாகித் தழும்பாவது வழக்கம். அதைப் பார்த்திராத மருத்துவர் கேட்டால் சொல்லிவிடுங்கள். நாடு மாறும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் போட்டதற்கு எழுத்துச் சான்று வேண்டும். அட்டையில் வணிகப் பெயரோடு நோயின் பெயரும் இருக்கட்டும், வணிகப் பெயர் அடுத்த நாட்டில் புரியாது. தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்: 03/04/2025 ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. இந்தக் குழப்பத்தில் இடைவெளி போதாது என்று முடிவுகட்டி மறுபடி ஊசி போட நேரும். ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தையோடு நாடு விட்டு நாடு போவதாக இருந்தால், தட்டம்மை ஊசியை முன்கூட்டிப் போட வேண்டுமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டது கணக்கில் சேராது, வழக்கமான இரண்டு தவணையும் பிறகு போட வேண்டும்.

பாஸ்போர்ட் படத்துக்குத் தரையில் வெள்ளை விரிப்பு, ஜன்னல் வெளிச்சம், மேலிருந்து படம். தூங்கி எழுந்து பால் குடித்த கையோடு எடுத்தால் கண் திறந்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துக்கூட்டலை வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், மற்றத் தாள்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். ஒரு நாட்டில் பிறந்ததாலேயே அந்நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. பல நாட்டில் பெற்றோரின் நிலையைப் பொறுத்தது. விசா காலக்கெடுவைப் பிறந்த வாரமே விசாரியுங்கள்.

கார் சீட்

பின்னோக்கி அமரும் வகைதான் வேண்டும். எதிரே காற்றுப்பை இயங்கும் முன்சீட்டில் அதை வைக்கக் கூடாது. ஊரில் வாங்கியதைக் கொண்டுவர வேண்டாம், ஐரோப்பாவின் தரச்சான்று அமெரிக்காவில் செல்லாது, அமெரிக்காவினது ஐரோப்பாவில் செல்லாது. வரலாறு தெரியாத பழைய சீட்டும் வேண்டாம். விபத்தில் அடிபட்ட பிளாஸ்டிக் வெளியே தெரியாமல் விரிசல் விட்டிருக்கும்.

பஞ்சு வைத்த தடித்த கோட்டோடு பெல்ட் போடாதீர்கள். மோதலில் பஞ்சு நசுங்கி, பெல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விழும், குழந்தை நழுவி வெளியே வந்துவிடும். மெல்லிய உடுப்பில் பெல்ட்டைப் பூட்டி, தோளருகே பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். கோட்டையோ கம்பளியையோ பெல்ட்டின் மேல் போர்த்தலாம்.

அம்மாவின் மனமும் வீட்டு மொழியும்

பிரசவம் முடிந்த சில நாளில் காரணமின்றி அழுகை வருவது பொதுவானது, இரண்டு வாரத்துக்குள் அது தணிய வேண்டும். தணியவில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் எண்ணம் வருகிறது என்றால் அது சிகிச்சை பெற வேண்டிய நோய். கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் அன்றே, அவசர உதவியாகவே. எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாள் பல மொழிகளில் இருக்கிறது, உங்கள் செவிலியரிடம் கேட்டு வாங்கி நிரப்புங்கள். அந்நிய மொழியில் மனதைச் சொல்வது கடினம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் பதியும்போதே சொல்லிவிடுங்கள். பல நாட்டு மருத்துவமனைகளில் அதற்கு ஏற்பாடு உண்டு. கணவரோ உறவினரோ மொழிபெயர்த்தால் சில வார்த்தைகள் வாயில் வராமலே போய்விடும்.

குழந்தையிடம் உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வளர்வதால் பேச்சு தாமதமாகாது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்

பதற்றத்தில் சொந்த முகவரியே மறக்கும், அந்நிய மொழி அதற்கு முன்பே மறக்கும். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்:

- அந்த நாட்டின் ஆம்புலன்ஸ் எண். ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000.
- மாடி எண், வாசல் கதவின் குறியீட்டு எண் உட்பட முழு முகவரி. உள்ளூர் எழுத்திலும், அதை உச்சரிக்கும் விதம் தமிழிலும்.
- உள்ளூர் மொழியில் மூன்று வாக்கியம்: குழந்தை மூச்சு விடவில்லை, குழந்தைக்கு வலிப்பு, குழந்தை எதையோ விழுங்கிவிட்டது. இவற்றையும் தமிழ் எழுத்தில்.
- குழந்தையின் பிறந்த தேதி, கடைசியாகப் பார்த்த எடை, ஒவ்வாமை.
- சாவி கொடுத்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் எண்.

அதே தாளின் கீழே, தொண்டையில் எதாவது அடைத்து அழவோ இருமவோ முடியாமல் போனால் செய்ய வேண்டியது: குழந்தையை முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவே ஐந்து அழுத்தம். வரும்வரை மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடினால் இன்னும் உள்ளே போகும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். உணர்விழந்தால் இதய இயக்க முதலுதவிக்கு (சிபிஆர்) போக வேண்டும். அதை ஒருமுறையாவது பொம்மையின் மேல் கையால் செய்து பழக, அருகில் நடக்கும் முதலுதவி வகுப்பில் இரண்டு பேரும் தனித்தனி நாளில் சேருங்கள், மற்றவர் அப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.